கையேந்தி பவன் மதியச் சாப்பாடு: இன்னும் உறுத்துகிற ஒரு நாள் இருந்தால் எழுதுங்கள்

பாரிமுனை பழசு

தம்புச் செட்டித் தெருவில் ஒரு தள்ளுவண்டி. 2016, 17இல் என் மதியச் சாப்பாடு அங்கேதான். சாம்பார், எலுமிச்சை, தக்காளி, தயிர் என்று நாலு அண்டா, ஓரத்தில் உருளைக்கிழங்கு, மேலே ஒரு அப்பளம். முப்பது ரூபாய். எல்லாருக்கும் தெரிந்த வண்டிதான், நீட்ட வேண்டாம்.

ஒரு நாள் கோர்ட்டில் வேலை இழுத்துவிட்டது. இரண்டரைக்குப் போனேன். அக்கா வண்டிக்குப் பின்னால் கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாழையிலைப் பார்சல். அதைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டை விரலில் மாட்டியிருந்தார். யாரோ கட்டிக் கொடுத்த சாப்பாடு. அவருடைய தயிர் சாத அண்டாவிலோ இன்னும் நாலு பேருக்கு இருந்தது.

என்னைப் பார்த்ததும் சட்டென்று இலையை மடித்துவிட்டார். அந்த மடிப்புதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றுமே தோன்றியிருக்காது.

நான் கேட்கவில்லை. தயிர் சாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மறுநாள் வேறு வண்டிக்குப் போனேன், அப்புறம் அதுவே பழகிவிட்டது. செய்கிறவரே தொடாத சாப்பாட்டையா இத்தனை நாள் தின்றோம் என்று ஓர் எண்ணம். என் வயிறு ஒரு நாளும் கெட்டதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய அடுப்பு

பழசு சார், நீங்கள் வீட்டில் ஒரு நாளாவது ஐம்பது பேருக்குச் சமைத்ததுண்டா? நான் பத்து வருடம் மெஸ் நடத்தினேன். விடியற்காலை மூன்று மணிக்குத் தாளிக்க ஆரம்பித்தால் பத்து மணிக்குள் அந்த வாடையிலேயே வயிறு நிறைந்துவிடும். மதியம் நம் சாம்பாரை நாமே வாயில் வைக்க முடியாது. பக்கத்துக் கடையில் இரண்டு பன் வாங்கி டீயில் நனைத்துத் தின்றிருக்கிறேன், அதுவும் வாடிக்கையாளர் கண்ணில் படாமல். பார்த்தால் நீங்கள் நினைத்ததைத்தான் நினைப்பார்கள் என்று தெரியும். அந்த அம்மா இலையை மடித்தது அதற்குத்தான்.

மூணாவது வடை

என் கதை சின்னது. கையேந்தி பவனில் கணக்கு நம் வாயில்தானே. தின்று முடித்து, கை கழுவி, "ஒரு சாம்பார் சாதம், ரெண்டு வடை" என்று நாமே சொல்ல வேண்டும். நான் தின்றது மூன்று. வேண்டுமென்றே குறைத்துச் சொன்னேன். சம்பளத்துக்கு முந்தின வாரம்.

மூன்று மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று, நாற்பதுக்குப் பதிலாக ஐம்பதாக போனில் அனுப்பினேன். சத்தமில்லாமல் முடிந்துவிடும் என்று நினைப்பு. அதற்குள் வண்டியில் அந்தப் பேசும் பெட்டி வந்திருந்ததை மறந்துவிட்டேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி "ஐம்பது ரூபாய்" என்றது. அக்கா கரண்டியை அப்படியே நிறுத்தி, "நாப்பதுதானே தம்பி, பத்து எதுக்கு?" என்றார். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் வாயில் சோற்றோடு என்னைப் பார்த்தார்கள்.

"வடைக்கு" என்றேன். "நீதான் இன்னிக்கு வடை சாப்பிடலையே" என்று ஒரு வடையை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டார். கடன் இன்னும் அப்படியே இருக்கிறது.

சுடுசோறு

எனக்கு ஒரே ஒரு முறை, தி.நகரில், மூன்று மணிக்குச் சாப்பிட்ட எலுமிச்சை சாதத்தில் இரவு முழுக்க வாந்தி. அவ்வளவுதான் என் கதை. ஆனால் இங்கே எல்லாரும் பாசத்தைப் பற்றியே பேசுவதால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

சோறு வெந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று நினைக்கிறோம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒன்று உண்டு. அதன் வித்து கொதியில் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்து நஞ்சை விடும். வாந்தி வரவைக்கிற அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். நடுவில் இருப்பதுதான் ஆபத்து. கலந்த சாதம் மதியம் முழுக்க இருப்பது அந்த நடுவில்தான். அதனால் பன்னிரண்டரைக்கே போங்கள், ஒன்றரைக்கு மேல் போகாதீர்கள். அண்டாவைத் திறக்கும்போது ஆவி வருகிறதா என்று பாருங்கள். வடையைச் செய்தித்தாளில் வைத்து எண்ணெயை ஒற்றித் தந்தால் வாங்காதீர்கள், அச்சு மை வயிற்றுக்குள் போகும். எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். தண்ணீர் நீங்களே கொண்டுபோங்கள். தட்டு கழுவுகிற பக்கெட்டை மட்டும் பார்க்காதீர்கள், பார்த்தால் சாப்பிட மாட்டீர்கள்.

செகண்ட் லைன் பீச்

சுடுசோறு அண்ணே, வாந்தி ஒரு வரி, பாடம் ஒரு பக்கம். நீங்கள் போகிற ஹோட்டலின் சமையலறைக்குள் என்றைக்காவது போயிருக்கிறீர்களா? வண்டியில் எண்ணெயும் பக்கெட்டும் கண்ணெதிரே இருக்கின்றன. அங்கே கதவு சாத்தியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு உறுத்துவது பர்மா பஜார் பக்கத்து அத்தோ வண்டி. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கொண்டுவந்த பண்டம், தெரியும்தானே. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், நொறுக்கிய பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுப்பாக இருக்கும்). எல்லாவற்றையும் கையால் பிசைந்து தருவார்கள். புதிதாகச் சேர்ந்த ஆபீஸ் தோழி பக்கத்தில் நிற்கிற தைரியத்தில், "கரண்டியால கலக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கரண்டியால் கலந்து கொடுத்தார். புளி ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம், பூண்டெல்லாம் அடியில். பக்கத்தில் தோழிக்கு வழக்கம்போலக் கையால். அவள் தட்டை நான் பார்த்துக்கொண்டே தின்றேன்.

தட்டு என்னிடம்

கிண்டி எஸ்டேட். நான் பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது கடைகளை அப்புறப்படுத்துகிற லாரி வந்தது. யாரோ விசில் அடித்தார்கள். அண்ணன் அடுப்பை அணைத்து, சாம்பார் அண்டா தளும்பத் தளும்ப வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். அவர் மனைவி இரண்டு கையிலும் தண்ணீர்க் குடங்களோடு பின்னால். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நடைபாதையில் நாங்கள் ஆறு பேர், கையில் தட்டோடு, எதிரே ஒன்றுமில்லாமல் நின்றோம். ஈரத் தரையில் சக்கரத் தடம் மட்டும்.

2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்த புதிது அது. தட்டின் மேல் அதுவரை போட்டுக்கொண்டிருந்த பிளாஸ்டிக் தாளுக்குப் பதிலாக வட்டமாக நறுக்கிய வாழையிலை. சாப்பிட்டுவிட்டு இலையைப் போட்டுவிட்டேன். எவர்சில்வர் தட்டை என்ன செய்வது? மற்றவர்கள் சுவர் ஓரமாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். நான் மறுநாள் கையில் கொடுக்கலாம் என்று பையில் போட்டேன். அந்த வண்டி பிறகு அந்தத் தெருவுக்கு வரவே இல்லை.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அப்புறப்படுத்துவதற்கு 30 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும், பொருளைப் பறித்தால் பட்டியல் தர வேண்டும், அழுகிற பொருளைக் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. இதெல்லாம் நான் பிறகு படித்தது. விசில் சத்தம் கேட்டபோது அண்ணனுக்கு இதில் எது உதவியிருக்கும் என்று தெரியவில்லை. தட்டில் "ஆர்.கே." என்று பொறித்திருக்கிறது. வீட்டில் அதில் யாரும் சாப்பிடுவதில்லை.

சுடுசோறு

பாடம் ஒரு பக்கம் என்றவருக்கு: ஹோட்டலுக்கும் நான் போவதில்லை. கட்டுச்சோறுதான்.

டல்ஹவுசி ரிட்டர்ன்

சென்னையை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். கொல்கத்தாவில் டல்ஹவுசி பக்கம் இரண்டு வருடம் வேலை. மதியம் டேக்கர்ஸ் லேன். வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டியும் சிக்கன் ஸ்டூவும் அங்கே பிரசித்தம். ஸ்டூ என்றால் தண்ணீராக, பப்பாளிக்காயும் கேரட்டும் மிதக்கும், காரம் என்ற பேச்சே கிடையாது, மிளகுத்தூள் மட்டும். முதல் வாரம் சந்துமுனை வண்டி ஒன்றில் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, கூட வந்த மதுரைப் பையனிடம் தமிழில் சொன்னேன்: "இது ஆஸ்பத்திரி சாப்பாடுடா."

வண்டிக்காரர் நிமிரவில்லை. ரொட்டியைப் புரட்டிக்கொண்டே, "ஆமா தம்பி, உடம்புக்கு நல்லது" என்றார். தமிழில். வேலூர்த் தமிழ்.

மனைவியின் வைத்தியத்துக்காக வேலூரில் ஐந்து மாதம் லாட்ஜில் தங்கியிருந்தாராம். காய்கறி வாங்கி, ஸ்டவ்வில் தானே சமைத்து, காய்காரம்மாவிடம் கற்ற தமிழ். அங்கே வங்காளத்துக்காரர்கள் கூட்டம் எவ்வளவு என்று வேலூர் போனவர்களுக்குத் தெரியும். நான் வெட்கத்தில் "நல்லாத்தான் இருக்கு" என்று உளறி, மடமடவென்று குடித்துவிட்டு வந்தேன். அப்புறம் இரண்டு வருடமும் அவரிடம்தான் சாப்பிட்டேன். கிரிக்கெட், மழை, இட்லிக்கு அவருடைய ஏக்கம், எல்லாம் பேசியிருக்கிறோம். மனைவிக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் நான் கேட்டதே இல்லை. முதல் நாள் கேட்காததால் பிறகு கேட்க வழியில்லாமல் போயிற்று.

கந்தகோட்டம் பக்கம்

பழசு அண்ணனுக்கு ஒன்று. நான் அந்த வட்டாரத்தில் எட்டு வருடம் டெலிவரி வேலை பார்த்தேன். இரண்டு வண்டிகள் எதிரெதிரே நிற்கும், ஒன்று சைவம், இன்னொன்றில் குஸ்காவும் மீன் குழம்பும். கூட்டம் கலைந்ததும் இந்த அக்கா ஒரு பார்சல் கட்டி அந்த அண்ணனுக்கு அனுப்புவார், அவர் குஸ்காவும் முட்டையும் கட்டி இங்கே அனுப்புவார். நானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். சைவ வண்டி என்பதால் அக்கா முட்டையை யாரும் பார்க்காமல்தான் சாப்பிடுவார். நீங்கள் சொன்ன வண்டிக்கு நீலக் குடை உண்டா? பக்கத்தில் ஜெராக்ஸ் கடை?

பாரிமுனை பழசு

ஜெராக்ஸ் கடை உண்டு. ஆனால் குடை இல்லை தம்பி, தார்ப்பாய். மஞ்சள் நிறம். எதிரே இருந்தது இளநீர் வண்டி.