"நீர் இங்கேயிருந்தீரானால்": இழப்பின் நாட்களில் ஆண்டவரை எங்கே கண்டோம்?

என் கணவர் கடைசி இரண்டு ஆண்டுகளும் ஆக்சிஜன் கருவியோடுதான் உறங்கினார். நுரையீரல் இறுகிப்போகும் நோய். இரவு முழுவதும் அந்தக் கருவி இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலில்தான் எனக்குத் தூக்கம் பிடிக்கும், நின்றால் விழித்துக்கொள்வேன். அடக்க ஆராதனை முடிந்து உறவினர்கள் கலைந்த இரவில் அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் என்னால் படுக்க முடியவில்லை. கருவி நின்ற இடத்தில் நான்கு சக்கரங்களும் தரைவிரிப்பில் பதிந்து, நான்கு குழிகள் தெரிந்தன. அவர் கன்னத்திலும் குழாய் அழுத்தி அழுத்தி ஒரு கோடு விழுந்திருந்தது. பெட்டியை மூடும்வரை அது மறையவே இல்லை.

ஜெபிக்க முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால்..." அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அது, லாசரு இறந்தபோது அவன் சகோதரி மார்த்தாள் இயேசுவிடம், "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று சொன்னது என எனக்குத் தெரியும். ஆனால் நான் அதை வசனமாகச் சொல்லவில்லை, குற்றச்சாட்டாகவே சொன்னேன். பல மாதங்கள் என் ஜெபம் அந்த அரை வாக்கியம்தான். பாவம் செய்கிறேனோ என்ற பயமும் கூடவே இருந்தது.

ஒரு நாள் யோவான் 11-ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசித்தேன். 21-ஆம் வசனத்தில் மார்த்தாள் சொல்வதையே 32-ஆம் வசனத்தில் அவள் சகோதரி மரியாளும் சொல்கிறாள். லாசருவைக் கல்லறையில் வைத்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. அத்தனை நாளும் சகோதரிகள் இருவரும் இதையே ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி அழுதிருப்பார்கள் என்று தோன்றியது. மார்த்தாளுக்கு ஆண்டவர் பதில் சொன்னார்: "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்." மரியாளிடம் அப்படி எதையும் விளக்கவில்லை. அவனை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார், கண்ணீர் விட்டார். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறவர், அதற்கு முன் நின்று அழுதார். எத்தனையோ பிரசங்கங்களில் கேட்ட பகுதிதான். அன்று வாசித்தபோது, அந்த அறையில் என்னோடு சேர்ந்து இன்னொருவர் அழுகிறார் என்ற நிச்சயம் வந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த இரவு, சத்தமில்லாத வீட்டில் விடியும்வரை தூங்கினேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

அம்மா, நீங்கள் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் இருவரும் பேசவில்லை.

எங்கள் மகள் 24-ஆம் வாரத்தில் உயிரில்லாமல் பிறந்தாள். வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது சொன்னார்கள். இன்னும் வயது இருக்கிறது என்றார்கள். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்றார்கள். அந்த வார்த்தையை, பிள்ளைகளை எல்லாம் இழந்த யோபு தன் வாயால் சொன்னான். பார்க்க வந்த நண்பர்கள் அவனிடம் சொல்லவில்லை. அவர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்பேன். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

மருத்துவமனையில் ஒரு செவிலியர் மட்டும் கேட்டார்: "குழந்தைக்கு என்ன பெயர்?" பெயர் வைத்திருந்தோம், ஆனால் அதுவரை யாரும் கேட்கவில்லை. மனைவி சொன்னாள். அவர் ஒரு சிறு அட்டையில் எழுதி, எங்களிடம் நீட்டி, "எழுத்துப்பிழை இருக்கிறதா, பாருங்கள்" என்றார். சரி என்றதும் துணியின் மடிப்பில் செருகினார். வேலை நேரம் முடிந்தும் அவர் போகவில்லை.

கல்லறையருகே அழுதுகொண்டு நின்ற மகதலேனா மரியாள், உயிர்த்தெழுந்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்றுதான் நினைத்தாள். "மரியாளே" என்று அவர் பெயர் சொல்லி அழைத்தபோதுதான் கண்டுகொண்டாள். எங்கள் மகளின் பெயரை ஒருவர் கேட்டபோது நாங்கள் கண்டுகொண்டோம். இன்றுவரை எனக்கு அதில் சந்தேகமில்லை.

*

உங்கள் இருவருக்கும் நடந்ததை நான் மனதார நம்புகிறேன். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அதையும் இங்கே சொல்லலாமா?

அம்மா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் போதகரிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, 88-ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை எப்படியாவது நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை, இருளிலேயே முடிந்துவிடுகிறது. இப்படி ஒன்றுக்கும் வேதத்தில் இடம் இருக்கிறதே என்பதைத்தான் இப்போதைக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆராதனையில் பாடல் வேளைதான் எனக்கு மிகவும் கடினம். அம்மா ஆல்டோ என்னும் தாழ்ந்த குரலில் பாடுவார்கள், நான் ராகத்தைப் பாடுவேன். இப்போது இரண்டாம் வரியிலேயே தொண்டை அடைத்துக்கொள்கிறது. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பாடுகிறவர்களுக்கு நடுவில் நிற்கிறேன். போகாமல் இருந்ததில்லை.

*

மகளே, தாராளமாகச் சொல்லலாம். சொன்னதற்காக உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

அதே அதிகாரத்தில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. இயேசு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் மார்த்தாள் எதிர்கொண்டு போனாள். மரியாளோ வீட்டிலே உட்கார்ந்திருந்தாள். ஏன் வரவில்லை என்று ஆண்டவர் அவளைக் கேட்கவே இல்லை. 30-ஆம் வசனத்தைப் பார். அவர் இன்னும் கிராமத்துக்குள் வராமல், மார்த்தாள் தம்மைச் சந்தித்த இடத்திலேயே இருந்தார். மரியாள் எழுந்து வந்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார்.

நாளைக் காலை ஜெபத்தில் உன் அம்மாவுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்ல விரும்புகிறேன். அவர்கள் பெயர் என்ன?