நான் பேசினது எங்கடா?

பாம்பன் பக்கத்துக்காரன் நான். அம்மா கடல்பாசி எடுப்பவர். அறுபதை நெருங்குகிறார், இன்னும் கடலில் இறங்குகிறார். இரண்டு வருடம் முன்பு ஒரு யூடியூப் சேனல்காரர்கள் வந்தார்கள்.

இறங்கும் முன் அம்மா புடவைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையை மாட்டுவார். விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றி, முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்குவார். இல்லாவிட்டால் கடலடிப் பவளப் பாறையான பார்க்கல் கிழித்துவிடும். கேமராக்காரர் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கரையில் நிற்கச் சொன்னார். "உங்க கஷ்டத்தைச் சொல்லுங்கம்மா."

"கஷ்டம் கெடக்கட்டும் தம்பி, இதைக் கேளு. மரிக்கொழுந்துப் பாசியை வேரோட பிடுங்கக் கூடாது. நுனியைக் கிள்ளுனாத்தான் திரும்பத் தழைக்கும்." நீவாடு என்கிற கடல் நீரோட்டம் இழுக்கும் பக்கம், 1986-ல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா ஆனபின் இறங்க முடியாமல் போன இடங்கள் என்று அரை மணி நேரம் பேசினார்.

வந்த வீடியோ நாலு நிமிடம். பாசி பற்றி ஒரு வார்த்தை இல்லை. சோக வயலின், அம்மா முந்தானையால் முகம் துடைக்கும் காட்சி. அது கண்ணீர் இல்லை, கடல் தண்ணி! அம்மா போனைக் காதோடு வைத்து இரண்டு தடவை கேட்டார். "நான் பேசினது எங்கடா?" எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாசி எடுக்கும் பெண்களுக்காக முன்னால் நின்ற சின்னப்பாலம் லட்சுமி அவர்களுக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சர்வதேச சீகாலஜி விருது கிடைத்ததே, அப்படிக் காட்டினால் என்ன?

இப்போது வாட்ஸ்அப் குழுவில் அம்மா குரல் பதிவு போட்டிருக்கிறார்: "யாரு கேமரா தூக்கிட்டு வந்தாலும் முதல்ல பாசியைக் காட்டுங்க, அப்புறம் மூஞ்சியைக் காட்டுங்க."

இதைப் படித்த ஒருவரின் பதில், கீழக்கரையிலிருந்து:

உங்கள் அம்மா சொன்னது அப்படியே எங்கள் உம்மா. சினிமாவில் முஸ்லிம் அம்மா என்றால் தொழுகை விரிப்பும் தஸ்பீஹ் மணியும்தான், மிஞ்சினால் ஓர் அழுகை. உம்மாவின் கைப்பக்குவம் யார் கண்ணிலும் படாது. அரை மணி நேரத்தில் தொதல் என்கிற தேங்காய்ப்பால் இனிப்பைச் செய்யும் வீடியோ ஒன்றைப் பார்த்துப் பதறிப்போனார்: "தேங்காப்பால் எண்ணெய் கக்கலையே, அதுக்குள்ள இறக்கிட்டாளே!" மறுநாளே அடுப்பு மூட்டிவிட்டார். துபாயில் இருக்கும் தங்கை வீடியோ காலில், "உம்மா, முகத்தைக் காட்டுங்களேன்" என்று கெஞ்சுகிறாள். கரண்டியை நிறுத்தாமல் உம்மா சொல்கிறார், "என்னைப் பிறகு பாக்கலாம் புள்ள, சட்டி ஓரத்தைப் பாரு. இப்பத்தான் எண்ணெய் விடுது."