மேய்ச்சல் நில வரைபடம்: கியூஜிஐஎஸ் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மாடுகளைப் பிரிவு மாற்றி மேய்ப்பதற்காக எங்கள் மேய்ச்சல் நிலத்தை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து வருகிறேன். வேலி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. சிக்கல் புல்லைக் கணக்கிடுவதில்தான். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் பசுமைக் குறியீடு (செடிகள் எவ்வளவு பசுமையாக உள்ளன என்று காட்டும் எண்) எடுத்தால், மாடு வாய் வைக்காத களையும் நல்ல புல் போலவே தெரிகிறது. ஒரு படப்புள்ளியே 10 மீட்டர் என்பதால், சின்னப் பிரிவுகளில் வேலியோர மரங்களும் கலந்துவிடுகின்றன. மரங்களைத் தனி அடுக்காக வரைந்து கழித்துவிடலாமா? களைக்கு நேரில் நடந்து பார்ப்பதைத் தவிர வழி உண்டா?

அப்புறம், எந்தப் பிரிவில் எத்தனை மாடு மேய்ந்தது, எப்போது வெளியே எடுத்தோம் என்பதை இணையம் கிடைக்காத இடத்திலும் கைபேசியில் பதிய வேண்டும். கியூஜிஐஎஸ் வரைபடத்தைக் கைபேசியில் பயன்படுத்த உதவும் கியூஃபீல்ட் செயலியில் இதைச் செய்பவர்கள் உங்கள் அட்டவணை அமைப்பைப் பகிர முடியுமா? புல் தேறுவதற்குள் மாட்டைத் திரும்ப விட்டால் வேரே பலமிழந்துபோகும், அதனால்தான் கேட்கிறேன்.