இதயப்புழு மாத்திரை மாதாமாதம் தேவையா?

பரிதி:
என் நாய் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நோயே இல்லாத உடம்புக்குள் மாதாமாதம் மருந்தை ஏன் செலுத்த வேண்டும்? வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து, புழு இருந்தால் அப்போது சிகிச்சை கொடுத்தால் போதாதா?

கயல்:
இதயப்புழுவை நாய்க்கு நாய் பரப்புவது கொசுதான். அது வீட்டுக்குள் வராதா பரிதி? நீங்கள் நம்பும் பரிசோதனை, முதிர்ந்த பெண் புழு வெளிவிடும் ஆன்டிஜென் என்ற புரதத்தைத்தான் தேடுகிறது. கொசு கடித்து ஆறேழு மாதம் ஆகும் வரை அதில் தெரியாது. அதற்குள் புழுக்கள் நுரையீரல் தமனிகளில் குடியேறியிருக்கும். பெண் புழு 25 முதல் 30 செ.மீ. வரை வளரும், 5 முதல் 7 வருடம் வாழும். சிகிச்சை என்று லேசாகச் சொல்கிறீர்கள். முதிர்ந்த புழுக்களைக் கொல்லும் மெலார்சோமின் ஓர் ஆர்சனிக் மருந்து. முதுகுத் தசையில் ஆழமாகப் போடும் ஊசி. செத்த புழுக்கள் ரத்தக்குழாயை அடைக்கும் என்பதால் நாயை மாதக்கணக்கில் ஓடவிடாமல் வைக்க வேண்டும். துள்ளித் திரியும் நாயை அப்படிக் கட்டிவைக்க மனசு வருமா?

பரிதி:
சரி, சிகிச்சை கொடியதுதான். ஆனால் தடுப்பு மாத்திரையில் உள்ள ஐவர்மெக்டின் மருந்து கோலி (Collie) இன நாய்களுக்கு ஆகாது என்கிறார்கள். அமெரிக்காவில் மருந்துக்கு அடங்காத புழுக்களும் வந்துவிட்டன.

செழியன்:
அளவுதான் விஷயம். தடுப்பு மாத்திரையில் கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம்தான். கோலி போன்ற இனங்களில் இந்த மருந்தை ஆகாததாக்கும் மரபணுக் குறை உள்ள நாய்களும் இந்த அளவைத் தாங்கும். மாடுகளுக்கான ஐவர்மெக்டினை வீட்டிலேயே கலந்து கொடுப்பதுதான் ஆபத்து, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். மருந்துக்கு அடங்காத புழு இருப்பதால் மாத்திரையோடு வருடாந்தரப் பரிசோதனையும் வேண்டும். மாத்திரையை நிறுத்த அது காரணமாகாது.

பரிதி:
14 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொசுவுக்குள் லார்வா, அதாவது இளம்புழு, வளராதே! கடுங்குளிர் மாதங்களிலாவது நிறுத்தலாம் அல்லவா?

செழியன்:
லார்வா வளராது என்பது உண்மை. ஆனால் பலர் நினைப்பதுபோல மாத்திரை வரப்போகும் மாதத்தைக் காப்பதில்லை. போன மாதம் உள்ளே புகுந்த லார்வாக்களைத்தான் கொல்கிறது. இரண்டு மாதம் விட்டால் அவை வளர்ந்து மருந்துக்குப் பிடிபடாமல் போகலாம். இடைவெளி விழுந்திருந்தால் முதலில் பரிசோதியுங்கள். ரத்தத்தில் குட்டிப்புழுக்கள் நிறைய இருக்கும்போது மாத்திரை கொடுத்தால், அவை ஒரேயடியாகச் செத்து நாய்க்கு அதிர்ச்சி ஏற்படலாம். தொற்று இல்லை என்று வந்தாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

பரிதி:
அப்படியானால் கடைசிக் கொசுவுக்குப் பிறகும் மாத்திரை தொடர வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நீண்ட குளிர் உள்ள ஊர்களில் வருடம் முழுக்கத் தேவை என்பதை மட்டும் இன்னும் ஏற்க முடியவில்லை.

கயல்:
அதை உங்கள் கால்நடை மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். அதுவரை ஒரு மாதம்கூட விட வேண்டாம்.