புதுப்பிப்பு: பருத் தழும்புக்கு லேசர், 3 மாசம் கழிச்சு

கன்னத்துப் பருத் தழும்புக்கு லேசர் பண்ணலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன். "நம்ம நிறத்துக்குக் கருத்துடும்"னு பல பேர் பயந்தீங்க. பண்ணிட்டேன்.

எனக்குப் பண்ணது ஃப்ராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர். அந்த 10,600 நானோமீட்டர் கதிரைத் தோல்ல இருக்கிற தண்ணி உறிஞ்சி, அந்த இடம் ஆவியாகுது. மொத்தமா உரிக்கிறதில்ல, நுணுக்கமான துளைகளாப் போடுறாங்க. நடுவுல விட்டுவச்ச நல்ல தோல்தான் புண்ணைச் சீக்கிரம் ஆத்துது. அடியில புதுக் கொலாஜன் (தோலுக்கு உறுதி தர்ற புரதம்) உருவாக மாசக்கணக்காகும்.

மரத்துப்போற க்ரீம் ஒரு மணி நேரம் போட்டும் சுள்ளுனு இருந்துச்சு. 2 நாள் வீக்கம். அப்புறம் காபித்தூள் ஒட்டின மாதிரி பக்கு, தானா உதிர்ந்துச்சு. தயவுசெஞ்சு பிய்க்காதீங்க.

நீங்க பயந்தது நியாயம்தான். 3-வது வாரம் தண்டையார்பேட்டை மெட்ரோவுக்குத் தினமும் வெயில்ல நடந்ததுல ஒரு கன்னம் கருத்துடுச்சு. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன், டாக்டர் கொடுத்த க்ரீம்னு விடாமப் போட்டு இப்பதான் மங்குது. பள்ளங்களோட ஆழம் குறைஞ்சிருக்கு, மறையல. அடுத்த சிட்டிங் வெயில் காலம் முடிஞ்சுதான்.

உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வர்றவங்க, பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

பார்லர்ல பண்ணலாமான்னு கேட்ட தங்கச்சி, வேணாம்மா. தோல் டாக்டரையே பாரு. சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலயும் தோல் பிரிவு இருக்கு.