ராத்திரி ஆள் எத்தனை பேர் என்று கேளுங்கள்

வாட்ஸ்அப் குழு: செல்லூர் வீடு
சனிக்கிழமை

செல்வி, மாலை 6.50
அண்ணே, பாண்டி, இரண்டு பேரும் பார்க்கட்டும் என்றுதான் இங்கேயே எழுதுகிறேன். அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே தண்டெலும்பு முடிகிற இடத்தில் தோல் சிவந்துவிட்டது. கவிதா வந்து பார்த்தாள். படுக்கைப்புண் ஆரம்பிக்கிறது என்கிறாள். ஏஜென்சியில் இருந்து வந்த பெண்ணும் நின்றுவிட்டாள். குனிந்தால் எனக்கு முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது.

பாண்டியன், 6.58
வேறு ஆள் கேட்டாயா அக்கா?

செல்வி, 7.01
கேட்டேன். பகல் 12 மணி நேரத்துக்கு ஒரு நாளைக்கு 900 ரூபாய். சாப்பாடு நம்முடையது. ராத்திரிக்கு இன்னொரு ஆள், அதே சம்பளம்.

பிரபு, 7.04
அப்படியென்றால் மாதம் 54,000 ஆகிறது அத்தை.

முருகேசன், 7.15
எதற்கு அவ்வளவு? மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறார்களே. 2021-இல் இருந்து நடக்கிறது. என் தெருவில் வாதம் வந்தவருக்கு வந்து பயிற்சி கொடுக்கிறார்கள்.

செல்வி, 7.19
இங்கேயும் வருகிறார்கள் அண்ணே. பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை கொடுப்பார்கள், காலை மடக்கி நீட்டி விடுவார்கள். நல்ல பிள்ளைகள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரிக்கு யார் வருவார்கள்?

கவிதா, 7.32
அப்பா, சித்தப்பா, நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டியூட்டி முடிந்து போய் சில முதியோர் இல்லங்களைப் பார்த்தேன். அத்தைக்குத் தெரியும்.

முருகேசன், 7.34
முதியோர் இல்லமா? பெற்ற தாயைக் கொண்டுபோய் விட்டார்கள் என்று ஊர் பேசும் கவிதா. பங்காளி வீட்டு விசேஷத்தில் நான் தலைகாட்ட வேண்டாமா?

கவிதா, 7.41
பேசுகிறவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து அப்பத்தாவைப் புரட்டிப் படுக்க வைக்கப் போவதில்லை அப்பா. அதை இத்தனை மாதமாக அத்தை ஒருவர்தான் செய்கிறார். அவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. அப்பத்தாவின் இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு நாம் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனோம், பழம் வாங்கி வந்தோம். அந்தப் பெரிய கட்டில் பக்கத்தில் தரையில் படுத்துத் தூங்கியது அத்தை.

பாண்டியன், 7.44
சரிம்மா. எவ்வளவு கேட்கிறார்கள்?

கவிதா, 7.58
அதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும். திருமங்கலம் போகிற வழியில் ஓர் இல்லத்தில் மாதம் 15,000 என்றார்கள். கட்டடம் பளபளவென்று இருக்கிறது, வாசலில் பிள்ளையார், தோட்டம். உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகுதான் கணக்கு வெளியே வந்தது. டயபர் தனி. ஒரு நாளைக்கு நான்கு, ஒன்று 35 ரூபாய் என்றால் மாதம் 4,200. படுக்கையில் இருப்பவர் என்றால் கூடுதலாக 4,000. பிசியோதெரபி ஒரு தடவைக்கு 400, மாதம் எட்டுத் தடவைக்கு 3,200. மொத்தம் 26,400. மருந்து இதில் சேராது. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருக்க நம் ஆள்தான் போக வேண்டும்.

அழகர்கோவில் சாலையில் இருக்கிற இன்னொன்றில் முதலிலேயே 24,000 என்றார்கள். டயபர், பிசியோதெரபி எல்லாம் அதற்குள். மருந்து மட்டும் நம் செலவு.

பிரபு, 8.02
அக்கா, அது அறக்கட்டளையா? வருமான வரித்துறையில் பதிவான அறக்கட்டளை நடத்துகிற இல்லம் என்றால், 60 வயதானவர்களுக்கு மாதம் 25,000 வரை ஜிஎஸ்டி கிடையாது. 2018-இல் இருந்தே அப்படித்தான். பில்லில் வரி போட்டால் கேளுங்கள்.

கவிதா, 8.05
அறக்கட்டளைதான். சமூகநல அலுவலகத்தில் பதிவு செய்த சான்றையும் கேட்டேன், எடுத்துக் காட்டினார்கள்.

முருகேசன், 8.09
காப்பீட்டில் வராதா? எழுபது வயது தாண்டிய எல்லோருக்கும் 5 லட்சம் என்று 2024-இல் டெல்லியில் அறிவித்தார்களே.

கவிதா, 8.12
அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அப்பா. இல்லத்துக் கட்டணத்துக்கு வராது. தாத்தாவின் மில் பென்ஷனில் அப்பத்தாவுக்கு வருவது ஆயிரத்துச் சொச்சம். மீதி நம் கையில் இருந்துதான்.

பணத்தை விட எனக்கு முக்கியமாகப் பட்டதைச் சொல்கிறேன். எல்லா இடத்திலும் நான் கேட்ட முதல் கேள்வி, ராத்திரி ஆள் எத்தனை பேர் என்பதுதான். பகலில் பார்க்கப் போனால் நான்கைந்து பேர் சுறுசுறுப்பாக நடமாடுவார்கள். அந்தத் திருமங்கலம் வழி இல்லத்தில் படுத்தபடுக்கையாக 12 பேர். ராத்திரிக்கு ஒரே ஒரு பெண். அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தோல் உரசாமல் தூக்கித் திருப்ப இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆகும். 12 பேருக்கு ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் இதற்கே போகிறது, அதுவும் இரண்டு பேர் இருந்தால். ஒரே பெண் என்ன செய்வாள்? அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. முடியாத வேலையை அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அங்கே ஒரு பாட்டியின் போர்வை விலகியிருந்தது. குதிகாலில் கறுத்த தோல், நடுவில் ஈரம். பெட்ஷீட் மட்டும் வெள்ளைவெளேரென்று இருந்தது. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். ‘வரும்போதே இருந்தது’ என்றார்கள். பாட்டியைக் கேட்டேன். ‘இங்கே வந்துதான்மா’ என்றார்.

செல்வி, 8.16
ஐயோ. படிக்கவே முடியவில்லை.

கவிதா, 8.24
இன்னொன்றும் அத்தை. அங்கே ராத்திரிச் சாப்பாடு மாலை ஐந்தரைக்கு. சமையல்காரர் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டுமாம். மறுநாள் இட்லி ஏழரைக்கு. நடுவில் 14 மணி நேரம். அப்பத்தா இன்சுலின் போடுகிறவர். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் விடியற்காலை சுகர் இறங்கினால், ஒரே ஆள் இருக்கிற இடத்தில் யார் கவனிப்பார்கள்? வியர்த்துப் பேச்சு குழறினால் தூக்கக் கலக்கம் என்றுதான் நினைப்பார்கள்.

அழகர்கோவில் சாலையில் ஏழரைக்குச் சாப்பாடு, படுக்கும்போது பால். படுக்கையில் எட்டுப் பேர், ராத்திரி மூன்று பேர், அதில் ஒருவர் நர்ஸ். சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி ஒன்பதரைக்குப் போனேன். விட்டார்கள். மூன்று பேரும் இருந்தார்கள். திருப்பிப் படுக்க வைத்த நேரத்தை எழுதுகிற நோட்டுக் கட்டில் காலில் தொங்கியது. கட்டடம் பழசு, சுவரில் பெயின்ட் உரிந்திருக்கிறது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

பாண்டியன், 8.30
அண்ணே, அம்மா பெயரில் இருக்கிற வீட்டை என்ன செய்வது என்றும் பேசிவிடலாமே? இல்லத்துக்கு எழுதிக் கொடுத்தால் கடைசி வரை பார்ப்பார்கள் என்று ஒருவர் சொன்னார்.

பிரபு, 8.36
அப்பா, வேண்டவே வேண்டாம். வீட்டை எழுதிக் கேட்கிற இடத்தில் அப்பத்தாவை விடக்கூடாது. பின்னால் யாருக்கு எழுதினாலும், சாகும்வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போட வேண்டும். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-ஆம் பிரிவு அதற்காகத்தான். பார்க்காவிட்டால் தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யலாம். கோட்டாட்சியர்தான் விசாரிப்பார். அதே சட்டத்தில் பிள்ளைகள் கொடுக்க வேண்டிய பராமரிப்புத் தொகைக்கு உச்சவரம்பு மாதம் 10,000. இன்று ஒரு நல்ல இல்லத்துக்குப் பாதிகூட வராது.

முருகேசன், 8.51
சரி. சட்டம் எல்லாம் இருக்கட்டும். அம்மா என்ன சொல்கிறது? அதைக் கேட்டீர்களா யாராவது?

செல்வி, 9.03
இப்போதுதான் கேட்டேன் அண்ணே. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘சோறு சூடாகப் போடுவார்களா’ என்றது. ‘மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே கிடக்க முடியாது, ஜன்னல் பக்கம் போடச் சொல்’ என்றது. புண் ஆறியதும் திரும்ப இங்கேதான் கூட்டி வர வேண்டும், வீட்டைப் பூட்டக்கூடாது என்றது. நான் இங்கேதானே இருக்கிறேன், எதற்குப் பூட்டப் போகிறேன் என்றேன்.

கவிதா, 9.10
ஜன்னல் பக்கம் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. முதலில் ஒரு மாதம் மட்டும் என்று பேசியிருக்கிறேன். புண் ஆறுகிறதா, எடை குறைகிறதா என்று நான் பார்க்கிறேன். சரிப்படவில்லை என்றால் கூட்டி வந்துவிடலாம்.

பாண்டியன், 9.14
மருந்தோடு 27,000 வைத்துக்கொள்வோம். நான் 12,000.

முருகேசன், 9.20
நான் 10,000. இன்னும் போட வேண்டும்தான், என் பென்ஷனில் அவ்வளவுதான் முடியும்.

பிரபு, 9.21
மீதி 5,000-ஐ நானும் கவிதா அக்காவும் பாதிப் பாதி. செல்வி அத்தை ஒரு ரூபாய் போடக்கூடாது.

முருகேசன், 9.24
அவள் போட்டதற்கே நாம் கணக்குப் பார்க்கவில்லை. செல்வி, முதலில் அந்த முழங்காலுக்கு டாக்டரைப் பார். செவ்வாய் காலை வேனோடு நான் வருகிறேன். அன்று ராத்திரி பத்து மணிக்கு நானும் உள்ளே போய்ப் பார்ப்பேன், அங்கே சொல்லிவை கவிதா.

கவிதா, 9.26
சொல்ல மாட்டேன் அப்பா. சொல்லாமல் போங்கள். அப்போதுதான் உள்ளது தெரியும்.

பாண்டியன், 9.31
அட்வான்ஸ் 30,000-ஐ நாளைக்கே அனுப்புகிறேன். பாதியில் கூட்டி வந்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்று ரசீதிலேயே எழுதி வாங்கம்மா.

கவிதா, 9.33
வாங்குகிறேன் சித்தப்பா. அத்தை, இன்சுலினை ஐஸ் பையில் தனியாக வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், மாத்திரைச் சீட்டு மூன்றும் ஒரே கவரில். இன்று ராத்திரி நான் செல்லூர் வருகிறேன், நீங்கள் உள்ளறையில் போய்ப் படுங்கள்.