இணையவழிக் கல்லூரி: எதை விட்டுவிட்டேன்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
இங்கே கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். பக்கத்தில் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. ஆனால் படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போய்விடும் பிள்ளைகளால் பகலில் அங்கே போய் உட்கார முடியாது. அவர்களுக்காக மூடுல் (Moodle) என்ற, இணையத்தில் பாடம் நடத்த உதவும் மென்பொருளில் ஒரு தளம் அமைத்தேன். நிஜக் கல்லூரி போலவே செமஸ்டர், நூலகம், வருகைப் பதிவு, இரவு 8 மணிக்கு நேரலை வகுப்பு, எல்லாம் உண்டு. முதல் வாரம் 31 பேர் வந்தார்கள். நான்காம் வாரம் 6 பேர். எங்கே தவறினேன்?

குப்பம் வாசகர்:
டீச்சர், பிரிட்டனில் 1969-இல் ஓபன் யுனிவர்சிட்டி என்ற தொலைநிலைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி, 1971-இல் பாடம் ஆரம்பித்தார்கள். பிபிசியில் பாடம் வந்ததைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது டியூட்டர் முறை. மாணவர் எழுதி அனுப்பிய கட்டுரையை டியூட்டர் படித்து, குறிப்பெழுதித் தபாலில் திருப்பி அனுப்புவார். கோடையில் ஒரு வாரம் நேரில் கூடிப் படிப்பதும் இருந்தது.

நான் அஞ்சல்வழியில் எம்.ஏ. தமிழ் படித்தவன். இரண்டு வருடத்தில் அனுப்பிய அசைன்மென்ட் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மார்க் மட்டும் வந்தது. கண்ணகி வழக்குரைத்ததைப் பற்றி ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதினேன். அதை யாராவது படித்தார்களா என்று இன்றுவரை தெரியாது. உங்கள் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது.

மூணாறு லயம்:
மழைக்காலத்தில் இங்கே தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். 8 மணி நேரலை எங்களுக்கு ஒத்துவராது. மூடுல் ஆப்பில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலே படிக்கலாம். வினாடி வினாவையும் அப்படி எழுதலாம், ஆனால் அந்த வசதியை நீங்கள்தான் தளத்தில் திறந்துவிட வேண்டும். அப்புறம், வீடியோவைவிட ஆடியோ நல்லது டீச்சர். கொழுந்தெடுத்துவிட்டு வரும் என் அக்கா சமைத்துக்கொண்டே கேட்பாள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
இருவருக்கும் நன்றி. அந்த 6 பேர் யார் என்று இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். முதல் வாரக் கட்டுரையை நான் வரிவரியாகத் திருத்திக் கொடுத்த பிள்ளைகள் அத்தனை பேரும். மற்றவர்களுக்கு நேரமில்லாமல் 'நன்று' என்று மட்டும் போட்டிருந்தேன்.

நேரலையை நிறுத்திவிட்டேன். தமிழ் எம்.ஏ. முடித்த என் பழைய மாணவிகள் மூன்று பேர் ஆளுக்குப் பத்துப் பேரின் கட்டுரைகளைத் திருத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விட்டுப்போன 25 பேரின் கட்டுரைகளையும் இன்றிரவு திரும்ப எடுத்து வைத்திருக்கிறேன்.